அணை சைட் மட்டும் திறந்தது

அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஊர் முழுக்க அவன் ரீஸ்டார்ட்தான். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று யார் போன் செய்தாலும், அவர்கள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிடுவான். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனாலும் பழம் விழுந்த புண்ணியத்தை ஊர் அவன் கணக்கில் எழுதியது, அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மருந்துக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் அவன் கடை. உள்ளே வயிறு பிளந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள், பல் கொட்டிய கீபோர்டுகள், எந்த ஓட்டைக்கும் பொருந்தாத ஒயர்கள். நடுவே முக்காலியில் உட்கார்ந்து, திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவான். "புகார் போச்சுன்னா கோளாறு போச்சுங்க" என்பது அவன் தொழில் வேதம். கிண்டலுக்குச் சொன்னதில்லை, நம்பித்தான் சொன்னான். ஒரு டாக்டர் வீட்டில், தினமும் காலையில் திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து உயிரை வாங்குகிறது என்றார்கள். ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று அந்தப் பெட்டி கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் பெட்டி இனி வராதபடி செய்துவிட்டு, அந்த வீட்டம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தான். டிஸ்க் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அது செத்தபோது அது வேறு புகார்.

அதற்காக அவனை ஏமாற்றுக்காரன் என்று முத்திரை குத்திவிட வேண்டாம். எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அவனுக்குத் தாங்காது. அதுதான் அவன் வியாதி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்கா. துணி தைக்கும் கம்பெனியில் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே "எல்லாம் சரியா இருக்காடா?" என்பாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருப்பான், குழாயில் தண்ணீர் வந்திருக்காது, வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பார். "எல்லாம் சரிக்கா" என்பான். அதைக் கேட்டதும் அவள் முகம் தெளியும். அந்தத் தெளிவுக்காகத்தான் அவன் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டான். வளர்ந்த பிறகு அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொண்டான்.

அக்காவும் மாமாவும் ஆற்றங்கரை லைன் வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தார்கள். மாமா பஸ் ஓட்டியவர். ஒரு நாள் வண்டியை ஓரம்கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயின. வண்டியில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை என்பதை அக்கா பார்ப்பவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். தினமும் காலை வெயிலில் உட்காரவைக்கச் சொன்னார் டாக்டர். லைன் வீடுகளுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் லாண்டரிக்காரரின் தள்ளுவண்டி இறங்கும் சரிவு வழியாக, மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆற்று மணலுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். லாண்டரிக்காரர் ஆஸ்பத்திரி விரிப்புகளை அலசி மணலில் காயப்போடுவார், மாமா வெயில் காய்வார், அக்கா ஊர்க்கதை பேசுவாள்.

ஆறு என்று பெயர்தான். பெரும்பாலான நாட்களில் மணலுக்கு நடுவே ஒரு கோடு தண்ணீர் ஓடும், அவ்வளவே. ஆனால் மேலே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், ஒரு அணை இருந்தது. அங்கே கதவைத் தூக்கினால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வரும். அணையின் நிலவரத்தை ஒரு சைட்டில் போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்து கரையை எச்சரிக்க ஊரில் ஓர் ஆற்றுக் கண்காணிப்பு அலுவலகம் இருந்தது, அதன் மொட்டை மாடியில் ஒரு சைரனும் இருந்தது.

"மேட்டுத் தெருவுக்கு வந்துடேன்க்கா" என்று ரீஸ்டார்ட் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"போடா. அங்க ஏது மணலு, ஏது வெயிலு? சைரன் இருக்குல்ல, அது பாத்துக்கும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த அலுவலகத்திலிருந்துதான் கோடையில் அவனுக்கு ஒரு புகார் வந்தது. டூட்டியில் இருந்தவர் ஓய்வுபெறும் வயதுக்காரர், பொறுமையானவர்.

"நெட் வருதா?" என்றான் ரீஸ்டார்ட்.

"எல்லாம் வருதுப்பா. செய்தி வருது, பாட்டு வருது. அணை சைட் மட்டும் வரமாட்டேங்குது."

வெள்ளைத் திரையில், இந்தப் பக்கத்தைக் காட்ட இயலவில்லை என்று ஒரே ஒரு வரி. வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்தான். அதே வரி. பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய குப்பைகளை எல்லாம் அழித்தான். கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருந்தால் சில சைட்டுகள் முரண்டு பிடிக்கும் என்று தேதியைப் பார்த்தான், சரியாகவே இருந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டான். கடைசியில் தன் போனில் அதே சைட்டைத் தட்டினான், சட்டென்று திறந்துகொண்டது. ஆக, சைட் நன்றாக இருந்தது. அதைப் புதுப்பித்தபோது பாதுகாப்புக்கென்று புதுப் பூட்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். இந்தக் கிழட்டு மெஷினின் பிரவுசரிடம் அதற்குச் சாவி இல்லை. புது பிரவுசரை ஏற்றினால் மெஷின் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. மெஷினை மாற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அதை அந்த அலுவலகத்தின் அதிகாரியிடம் போய்ச் சொன்னான். புது மெஷின் கேட்டு எழுதியது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு மேலிடத்துலேர்ந்து பார்வையிட வராங்கப்பா. அவங்க முன்னாடி இது ஓப்பன் ஆகலன்னா என் மானம் போயிடும். நீ பெரிய கை, எதையும் ஓப்பன் பண்ணிடுவேன்னு சொன்னாங்களே."

அவர் முகம் வாடியிருந்தது. அது போதாதா ரீஸ்டார்ட்டுக்கு?

கடைக்கு வந்து, தன் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அப்படியே சேமித்து, பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனான். கண்காணிப்பு அறைத் திரையில் ஒரு படக்குறியை வைத்து அணை என்று பெயரும் போட்டான். தட்டினால் போதும், பக்கம் பளிச்சென்று திறக்கும். அணையின் படம், நீர்மட்டத்தின் எண், அதற்குக் கீழே பச்சை எழுத்தில் 'கதவுகள் மூடப்பட்டுள்ளன'. கதவைத் தூக்கினால் அந்த எழுத்து சிவப்பாக மாறும். ஆனால் இது மாறாது, இது வெறும் நகல். மேலே இருக்கும் தேதி மட்டும் அந்தந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது. அதனால் எந்த நாளில் திறந்தாலும் அன்றைய தேதியைக் காட்டும். தேதி நடக்கும், தண்ணீர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

டூட்டிக்காரரிடம் அவன் மறைக்கவில்லை. "இது நெஜம் இல்லைங்க, போட்டோ மாதிரி. புது மெஷின் வர்ற வரைக்கும் உங்க போன்லயே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டான். அவரும் சரி என்று தலையாட்டினார். அதிகாரியிடம் சொல்ல வாயைத் திறந்தான். அவர் படக்குறியைத் தானே தட்டி, பக்கம் திறந்ததைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

வந்ததுதான் வந்தாய், இந்த சைரன் பட்டனையும் பார்த்துவிடு என்றார் அதிகாரி. ஒரு ஒயர் விட்டிருந்தது. ஒட்டவைத்து, சரியாகிவிட்டதா என்று அமுக்கிப் பார்த்தான். மாடியில் சைரன் அலறியது. சும்மா ஒரு இழுப்புதான், ஆனால் லைன் வீடுகள் மொத்தமும் அலறியடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடின. அக்கா மாமாவை நாற்காலியோடு சரிவில் தள்ளி ஏற்றி, மூச்சு வாங்க அவனுக்கு போன் செய்தாள்.

"நான்தான்க்கா, டெஸ்ட்டு" என்றான்.

"எடுபட்டவனே! உயிரே போயிடுச்சுடா எனக்கு!"

திட்டித் தீர்த்துவிட்டு, அவளே சிரிக்கத் தொடங்கினாள். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடும்போது சிலர் விழுந்து கை கால் பிசகி, புகார் மேலிடம் வரை போயிற்று. இனிமேல் திரையில் சிவப்பைக் கண்ணால் பார்க்காமல் யாரும் சைரனைத் தொடக்கூடாது, டெஸ்ட் என்று அமுக்கினாலும் வேலை போகும் என்று கட்டளை போட்டார். லைன் வீடுகளிலோ அது தீராத வேடிக்கையாகிவிட்டது. எங்காவது ஆம்புலன்ஸ் ஊளையிட்டுப் போனால்கூட அக்கா, "என் தம்பி கை வெச்சுட்டான்" என்பாள். மணலில் எல்லோரும் சிரிப்பார்கள்.

கோடை போனது, புது மெஷின் வரவில்லை. டூட்டிக்காரர் ஓய்வு பெற்றார். சாவிக்கொத்தை ஒப்படைத்தார், மின்விசிறி சுற்றாவிட்டால் எங்கே தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார், திரையில் இருப்பது நகல் என்பதை மட்டும் சொல்ல மறந்துபோனார். அடுத்து வந்த பெண் நல்ல பொறுப்பானவள். குடத்துத் தண்ணீரைக்கூட மூடி வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். கரையிலிருந்து யார் போன் செய்து கேட்டாலும் சலிக்காமல் படக்குறியைத் தட்டி, திரையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, "பச்சை" என்று சொல்வாள்.

முதலில் கேட்பது எப்போதும் அக்காதான். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்ததும் போன் போடுவாள்.

"அணை எப்படிம்மா இருக்கு?"

"பச்சைக்கா. தைரியமா போங்க."

பிறகு போனை வீட்டிலேயே அலமாரியில் வைத்துவிட்டு இறங்குவாள். ஒருமுறை தண்ணீரில் தவறவிட்டதிலிருந்து அதை மணலுக்குக் கொண்டுபோவதில்லை.

ரீஸ்டார்ட்டுக்கு ஞாபகம் வராமல் இல்லை. அந்த அலுவலக வழியாகப் போகும்போதெல்லாம் முள் மாதிரி ஒன்று உள்ளே குத்தும். மெஷின் வந்திருக்கும், வராவிட்டால் கூப்பிடுவார்கள் என்று வண்டியை முறுக்கிவிடுவான். யாரும் கூப்பிடவில்லை. சைட் திறக்காவிட்டால்தானே புகார் வரும்? அதுதான் ஒருநாளும் தவறாமல் திறந்துகொண்டிருந்ததே.

மழைக்காலம் மலைப்பக்கம் பிடித்துக்கொண்டது. அங்கே கொட்டித் தீர்ப்பதாகச் செய்தி வந்தது. ஊரில் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. அப்படி ஒரு காலையில் டூட்டிப் பெண்ணிடமிருந்து அவனுக்கு போன் வந்தது.

"அண்ணா, வருகை பதியற சைட் ஓப்பன் ஆகல. பதியலன்னா இன்னைக்கு நான் லீவுன்னு போட்டுடுவாங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியாம்மா?"

"ரெண்டு தடவை பண்ணிட்டேன்."

கிளம்பினான். கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, கீழே எட்டிப் பார்த்தான். மாமா வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடியிருந்தார். அக்கா அவர் காலடி மணலைக் கையால் சமன் செய்துகொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளை விரிப்புகள்.

"அக்கா! கண்காணிப்பு ஆபீஸ் வரைக்கும் போறேன். கம்ப்யூட்டர் ரிப்பேரு."

"முடிச்சுட்டு வீட்டுக்கு வா, சாப்பிடலாம்! போன தடவை மாதிரி எதையாவது அமுக்கித் தொலைக்காத!"

மணலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாண்டரிக்காரர் மட்டும் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னு தெரியல தம்பி, இன்னைக்குத் தண்ணி செம்மண்ணா வருது. வெள்ளைத் துணியெல்லாம் காவியாப் போகுது பாருங்க."

"எங்கயாவது மணல் அள்ளுவாங்க" என்று சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் வண்டியை எடுத்தான்.

அலுவலக வாசலில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அறைக்குள் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. தோண்டியவர்கள் ஒயரைச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள், நெட் சுத்தமாக இல்லை. இதில் அவன் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லத் திரும்பினான்.

"மெயில் வரல, செய்தி வரல, ஒண்ணுமே வரலண்ணா" என்றாள் டூட்டிப் பெண். பிறகு கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா அணை சைட்டை மட்டும் குறை சொல்லக்கூடாது. எது போனாலும் அது போகாது. பாருங்க, இப்பக்கூட வருது."

தட்டினாள். பக்கம் பளிச்சென்று திறந்தது. மேலே இன்றைய தேதி. நடுவே கோடையில் அவன் சேமித்த அதே எண், அதே பச்சை எழுத்து.

ரீஸ்டார்ட் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"காலையில... கரையிலேர்ந்து யாராவது கேட்டாங்களாம்மா?"

"உங்க அக்காதான் முதல் போனு. பச்சைன்னு சொன்னேன். மலையில இவ்வளவு மழை பெஞ்சும் ஒரு அடிகூட ஏறல பாருங்க. நல்ல அணைண்ணா."

அந்த நிமிடத்தில் அவன் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. நாக்கு எழவில்லை. அவள் முகம் அவனை நம்பி மலர்ந்திருந்தது. ஒருவேளை நிஜமான பக்கமும் பச்சையாகவே இருந்துவிட்டால்? அப்படியென்றால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம், அந்தப் படக்குறியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே பழகியவனுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"கொஞ்சம் இரும்மா, சிக்னல் பாத்துட்டு வரேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வாசல் படிக்கு வந்தான்.

அணை சைட்டைத் தட்டினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தான், மறுபடி வட்டம். வேறு பிரவுசரில் போட்டான். சேர்ந்த குப்பையை அழித்தான். போனை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தான். மற்ற சைட்டெல்லாம் வந்தன. செய்தி வந்தது, பாட்டு வந்தது. அந்த ஒரு சைட் மட்டும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பக்கம் நிஜமாகவே திறக்க வேண்டும் என்று அவன் சாமியைக் கும்பிட்டான். ஏன் திறக்கவில்லை என்பது மெல்ல உறைத்தது. மேலே ஆற்றோரம் இருக்கும் ஊர்கள் எல்லாம் இந்த நேரத்தில் அதே பக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. அத்தனை பேர் ஒரே நேரத்தில் எதற்குத் தட்டுவார்கள்?

அக்காவுக்கு போன் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. அலமாரியில் அது தனியாக அடித்துக்கொண்டிருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

உள்ளே ஓடினான்.

"சைரனை அமுக்கும்மா."

"என்னண்ணா சொல்றீங்க? பச்சையா இருக்கே. சிவப்பு வராம தொடக்கூடாதுன்னு சார் எழுதியே ஒட்டியிருக்காரு."

"சாருக்கு போன் போடு."

போட்டாள். வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி போட்டாள். அவன் கையில் இருந்த போனில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது பொய்ம்மா" என்றான். "அது சைட் இல்ல. நான் கோடையில செஞ்சு வெச்ச நகலு. அது என்னைக்குமே பச்சைதான்."

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். இத்தனை மாதமாகக் கரையில் கேட்டவர்களுக்கெல்லாம் தன் வாயால் சொன்ன பச்சை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அவன் போனில் பக்கம் திறந்தது. முதலில் தலைப்பு வந்தது, அப்புறம் தேதி, அப்புறம் அணையின் படம் பாதி. கடைசியாக எழுத்து. சிவப்பு. கதவுகள் எல்லாம் விடிவதற்கு முன்பே திறந்திருந்தன.

ரீஸ்டார்ட் அவளை விலக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினான். மாடியில் சைரன் அலறியது. இந்த முறை கையை எடுக்கவில்லை, சைரன் கட்டிடத்தையே உலுக்கியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணி அடித்தாகிவிட்டது, யானை இன்னும் வந்திருக்காது, ஏறிவிடுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. போன தடவை ஒரு இழுப்புக்கே எப்படி ஓடினார்கள்! "நீ விடாம அமுக்கிக்கிட்டே இரு" என்று அவளிடம் கத்திவிட்டு ஓடினான்.

கரைச் சாலைக்கு வந்தபோது லைன் வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மூச்சு வந்தது. ஆறு தெரிந்தபோது வந்த மூச்சு நின்றது. மணலே இல்லை. கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் ஒரு பெரும் உருளல், அதில் மரக்கிளைகள், அதில் வெள்ளை விரிப்புகள். சரிவின் பாதிவரை தண்ணீர் ஏறியிருந்தது. அதற்கு மேலே, மண்ணில், லாண்டரிக்காரர் சரிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மாமா, இடுப்புவரை நனைந்து. நாற்காலியைக் காணோம்.

"அக்கா எங்க?"

லாண்டரிக்காரர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்கா எங்க? சைரன் அடிச்சேனே! கேக்கலையா?"

"கேட்டுச்சு தம்பி" என்றார் அவர். "கேட்டதும் எல்லாரும் எந்திரிச்சுட்டோம். உங்க அக்காதான் உக்காருங்க உக்காருங்கன்னாங்க. 'பயப்படாதீங்க, என் தம்பி அங்கதான் இருக்கான், ரிப்பேர் பாக்கறான், அவன் கை வெச்சா அது இப்படித்தான் கத்தும்'னு சிரிச்சாங்க. வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே. நாங்களும் சிரிச்சுட்டு உக்காந்துட்டோம்."

சைரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"உங்க மாமா மட்டும் இடது கையால நாற்காலியைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. போகணும், போகணும்னு. 'ஒண்ணும் இல்லங்க, நம்ம பையன்தான்'னு அவர் தலையைத் தடவிக் குடுத்தாங்க. அப்புறம்தான் தண்ணிச் சத்தம் வந்துச்சு. மத்தவங்க ஓடி ஏறிட்டாங்க. சக்கரம் மணல்ல பொதைஞ்சுடுச்சு. நான் இவரைத் தூக்கிட்டேன். அவங்க என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பின்னாடி வந்தாங்க தம்பி. பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க."

விசாரணை நடந்தது. ரீஸ்டார்ட் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். அவ்வளவு விவரம் தேவையில்லையே என்றார் அதிகாரி. இணைய இணைப்புக் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். புகார் போனது. அடுத்த வாரமே புது மெஷினும் வந்து சேர்ந்தது. டூட்டிப் பெண் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் வேலையை விட்டுப் போனாள்.

இன்றும் அவன் பெயர் ரீஸ்டார்ட்தான், ஊர் வாயை மூட முடியுமா? கடையும் அதே கடை. இப்போதெல்லாம் ஒரு சைட் வரவில்லை என்று யாராவது வந்தால், ஏன் வரவில்லை, எதை மாற்றினால் வரும், அதுவரை எதை நம்பக்கூடாது என்று அடி முதல் நுனி வரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். வந்தவர் கொட்டாவி விட்டாலும் விடுவதில்லை. முகம் சுளித்தாலும் விடுவதில்லை. அதனால் கூட்டம் குறைந்துவிட்டது.

மாமா அவன் வீட்டில் இருக்கிறார், மேட்டுத் தெருவில், கிழக்கு ஜன்னலோரம். அங்கேயே நல்ல வெயில் வருகிறது. ஆற்றுக்கும் அந்த ஜன்னலுக்கும் சம்பந்தமே இல்லை, எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அங்கே எட்டாது. ஆனாலும் காலையில் வெயில் விழுந்ததும் மாமா அலமாரியில் இருக்கும் அக்காவின் போனையே பார்ப்பார். ரீஸ்டார்ட் தன் போனில் அணை சைட்டைத் திறப்பான். ஒருமுறை புதுப்பிப்பான், மறுபடி புதுப்பிப்பான்.

"பச்சை, மாமா" என்பான். "நெஜமாவே பச்சை. இப்பதான் பாத்தேன்."

மாமா இடது கையால் நாற்காலியைத் தட்டத் தொடங்குவார். ரீஸ்டார்ட் மாடி ஏறிப் போய், தூரத்தில் தெரியும் ஆற்றை நின்று பார்த்துவிட்டு வருவான். அதுவரை அந்தத் தட்டல் நிற்காது.